தம்பியின் கையெழுத்து

மன்னர் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறும். குடும்பங்களின் வரலாற்றைக் கடிதங்களே கூறும். யூதப் பேரறிஞர் மைமோனிடிசின் குடும்பம் இதற்குச் சான்று.

ஸ்பெயினின் கொர்தோபா நகரில் சமய நீதிபதி ஒருவரின் மைந்தராகப் பிறந்த அவர், ஒடுக்குமுறையால் குடும்பத்தோடு நாடு துறந்து, எகிப்தின் புஸ்தாத்து நகரில் குடியேறினார். அண்ணன் சமய நூல்களில் ஆழ்ந்திருக்க, அவரிடமே கல்வி பயின்ற தம்பி தாவீது வாணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கினார்.

1170ஆம் ஆண்டளவில், செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து தாவீது அண்ணனுக்குத் தம் கைப்பட மடல் வரைந்தார். பாலைவனம் கடந்த துன்பத்தையும், அங்கு அவுரியன்றி வேறு சரக்குக் கிட்டாமையால் இந்தியாவுக்குக் கப்பலேறத் துணிந்ததையும் தெரிவித்தார். தம் மனைவியைத் தேற்றுமாறும் வேண்டினார். பின்னர் அவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி மாண்டார். செய்தியறிந்த மைமோனிடிசு ஓராண்டளவு நோய்ப்படுக்கையில் கிடந்தார். ஏறத்தாழ எட்டாண்டுகள் கழிந்தபின் ஆக்ரே நகரச் சமய நீதிபதி யாபேத்துக்கு எழுதுகையிலும், தம்பியின் கையெழுத்தைக் காணுந்தோறும் நெஞ்சம் கலங்குவதாகக் குறிப்பிட்டார். 1204இல் அவர் மறைந்தார்.

தம்பியின் அம்மடல் இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. இறைவன் பெயர் பொறித்த தாளை எறியலாகாது என்பது யூதர் மரபு. அதனால் புஸ்தாத்துத் தொழுகைக்கூடத்தின் 'கெனிசா' என்னும் அறையில் மடல்களும் கணக்குகளுங்கூடத் தங்கின. 1896–97இல் அறிஞர் சாலமன் செக்டர் அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மிகுதியான துணுக்குகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சேர்த்தார்.

நம்மவர் வழக்கம் வேறு. கலைமகளுக்கு ஏடடுக்கிப் பூசை செய்த நாமே, சிதைந்த ஏடுகளை ஆற்றில் விட்டோம், தீயிலும் இட்டோம். இதனை உ.வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலும் ஒருகாலத்தில் ஊர்க்கடிதமே உறவுப்பாலமாக இருந்தது. எழுத்தறியாதார் கிராணியிடமோ ஆசிரியரிடமோ சொல்லி எழுதுவித்தனர். பிறப்பு, இறப்பு, கடன், மணம் யாவும் அத்தாள்களில் அடங்கின. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாற, லயங்களும் மறைந்தன. லயத்தை மீட்க இயலாது. தகரப்பெட்டியிலுள்ள தாளைக் காக்க இயலும். எழுதியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதைப் பெரியோரிடம் கேட்டு இன்றே குறித்து வைப்பது இளையோர் கடன். அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.