ஏர் அழித்ததும் தீ மீட்டதும்: வட அமெரிக்கப் புல்வெளிகளின் மீட்பு வரலாறு

காடுகள் அழிந்த கதையை உலகம் அறியும். புல்வெளிகள் அழிந்த கதையை அறிந்தோர் மிகச் சிலரே. மரம் வீழும்போது ஓசை எழுகிறது. வெட்டிய அடிமரம் சான்றாக நிற்கிறது. புல் மறையும்போது ஓசையும் இல்லை, சான்றும் இல்லை. அது நின்ற இடத்தில் கோதுமையோ மக்காச்சோளமோ பசுமையாக அசைந்தாடுகையில், அங்கே ஓர் அழிவு நிகழ்ந்ததாகக் கருதவும் எவருக்கும் தோன்றுவதில்லை. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடந்த ‘பிரெய்ரி’ என்னும் பெரும்புல்வெளி அவ்வாறே மறைந்தது. அதனை மீண்டும் விளைவிக்க இருபதாம் நூற்றாண்டில் சிலர் மேற்கொண்ட முயற்சி, மனிதன் தன் அறியாமையை அடுக்கடுக்காகக் களைந்துகொண்ட வரலாறாகவும் அமைந்துள்ளது.

புல்வெளியின் இயல்பு

பிரெய்ரி என்பது புல்வெளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அப்பகுதிக்கு முதலில் வந்த பிரெஞ்சுப் பயணிகள் இட்ட பெயர் அது. மேற்கே ராக்கி மலைகளின் அடிவாரத்தில் குட்டைப் புற்களாகத் தொடங்கும் இவ்வெளி, மழை மிகும் கிழக்குப் பகுதியில் ஆள் உயரத்தையும் விஞ்சும் நெடும்புற்களாக ஓங்கி நின்றது. நெடும்புல் வெளி மட்டுமே ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் பரப்பில் இருந்ததென்பர். ‘பிக் புளூஸ்டெம்’, ‘இந்தியன் கிராஸ்’ என்னும் பெரும்புற்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான பூச்செடிகள் பருவந்தோறும் முறைவைத்து மலர்ந்தன. அவற்றுள் ஒன்று திசைகாட்டிச் செடி. அதன் அகன்ற இலைகளின் விளிம்புகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைந்திருப்பதால் அப்பெயர் பெற்றது.

இப்புல்வெளியின் பெருவாழ்வு மண்ணுக்கு அடியில் நிகழ்ந்தது. செடிகளின் வேர்கள் பல அடி ஆழம் இறங்கி, ஒன்றோடொன்று பின்னி, ஆண்டுதோறும் ஒரு பகுதி மடிந்து மட்கி, கரிய வளமண்ணை ஆக்கின. மழை பொய்த்த ஆண்டுகளிலும் புல் பிழைத்தது அவ்வேர்களாலேயே. வளரும் குருத்து மண்மட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்தமையால், காட்டெருமை மேய்ந்தாலும் தீ பரவினாலும் அது மீண்டும் துளிர்த்தது.

ஏரின் வெற்றி

அவ்வளமண்ணே புல்வெளிக்கு எமனாயிற்று. கிழக்கிலிருந்து வந்த குடியேறிகளின் வார்ப்பிரும்புக் கலப்பைகள் இப்பிசுபிசுத்த மண்ணில் முன்னேற இயலாமல் திணறின. அடிக்கடி நிறுத்தி மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. 1837இல் இல்லினாய் மாநிலத்தின் கிராண்ட் டீட்டூர் என்னும் ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர், மெருகேற்றிய எஃகுக் கொழு பூட்டிய கலப்பையைச் செய்தார். மண் அதில் ஒட்டாமல் வழுக்கிச் சென்றது. தொடர்ந்து இருப்புப்பாதைகள் வந்தன. ஈர நிலங்களை வடியச் செய்யும் மண்குழாய்கள் புதைக்கப்பட்டன. பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான புல்வெளி, ஒரு மனித ஆயுட்காலத்திற்குள் வயலாயிற்று.

இல்லினாய் மாநிலத்தில் மட்டும் 1820 அளவில் ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. 1970களின் பிற்பகுதியில் அம்மாநிலம் நடத்திய இயற்கை நிலக் கணக்கெடுப்பில், சிதையாத தரமுடைய புல்வெளியாக எஞ்சியது 2,500 ஏக்கரைக்கூட எட்டவில்லை. அதாவது, ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

நிலம் மட்டும் கைமாறவில்லை. அந்நிலத்தை அறிந்த மக்களும் அகற்றப்பட்டனர். போட்டவாட்டமி, ஹோ-சங்க் முதலிய பூர்வகுடிகள் இப்புல்வெளிகளில் காலமறிந்து தீயிடும் வழக்கமுடையவர்கள். வேட்டை விலங்குகளை ஈர்க்கும் இளம்புல் தழைக்கவும், வழிகள் தெளிவாகவும் அவர்கள் நெருப்பைப் பயன்படுத்தினர். 1830இல் இயற்றப்பட்ட பூர்வகுடி அகற்றல் சட்டத்தாலும், 1832, 1833ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளாலும் அவர்கள் தம் நிலத்தை இழந்தனர். அவர்களோடு அவர்தம் நெருப்பும் வெளியேறியது. இவ்விழப்பின் பொருள் நூறாண்டுகள் கழித்தே அறிஞர்க்குப் புலப்பட்டது.

மாடிசன் நகரின் முயற்சி

1930களில் அமெரிக்க நடுநிலத்தில் கடும் வறட்சி நிலவியது. உழப்பட்டு வேர்ப்பிடிப்பு இழந்த சமவெளி மண் புழுதிப் புயலாக எழுந்து வானை மறைத்தது. புல் என்ன பணி செய்துகொண்டிருந்தது என்பதை, அது இல்லாத வெறுமை உணர்த்திய காலம் அது.

அக்காலத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மாடிசன் நகரில் ஒரு தாவர வளாகத்தை அமைத்தது. 1934 ஜூன் மாதம் அது முறைப்படி தொடங்கப்பெற்றது. உலகின் பல நாட்டு மரங்களைக் கொண்டுவந்து காட்சிக்கு நிறுத்துவதே அத்தகைய வளாகங்களின் மரபு. ஆல்டோ லியோபோல்டு முதலியோர் வேறொரு நோக்கத்தை முன்வைத்தனர்: ஐரோப்பியர் வருமுன் விஸ்கான்சின் எவ்வாறு இருந்ததோ அதன் மாதிரியை மீண்டும் வளர்த்துக் காட்டுவது. தாவரவியல் பேராசிரியர் நார்மன் ஃபாசெட் பிரெய்ரியை மீட்டெடுக்கும் கருத்தை வலியுறுத்தினார். இதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது, நெடுங்காலம் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் உட்பட்டிருந்த ஏறத்தாழ 60 ஏக்கர் பழைய பண்ணை நிலம்.

1936இல் தியோடர் ஸ்பெரி என்னும் சூழலியலாளர் இப்பணிக்கு வந்தார். பிரெய்ரிச் செடிகளின் வேர்களையே ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவர். வேலையற்ற இளைஞர்களுக்காகக் கூட்டரசு அமைத்த இயற்கைவளப் பாதுகாப்புப் படையினர் அவருக்குக் கைகொடுத்தனர். ஆங்காங்கே எஞ்சியிருந்த புல்வெளித் துண்டுகளிலிருந்து விதை திரட்டியும், புற்கரணைகளை மண்ணோடு வெட்டி எடுத்து வந்தும் அவர்கள் நட்டனர். இத்தகைய பணிக்கு அதற்குமுன் வழிகாட்டும் நூல் எதுவும் இல்லை.

நட்டவற்றுள் பல பிழைத்தன. ஆயினும் நிலம் பிரெய்ரியாகவில்லை. பழைய மேய்ச்சல் நிலத்தில் வேரூன்றியிருந்த ‘கென்டக்கி புளூகிராஸ்’ முதலிய அயற்புற்கள் பாய்போலப் படர்ந்து தாயகச் செடிகளை நெருக்கின. விதையும் உழைப்பும் இருந்தும், ஏதோ ஒன்று குறைந்தது.

நெருப்பு கற்பித்த பாடம்

அக்குறையை அறிய அறிஞர்கள் தம் காலத்து நம்பிக்கை ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது. நெருப்பை இயற்கையின் பகை என்றே அந்நாளைய வனவியல் போதித்தது. 1935இல் அமெரிக்க வனத்துறை, எங்குத் தீ தோன்றினாலும் மறுநாள் முற்பகல் 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வகுத்தது. லியோபோல்டும் இளமையில் வனத்துறை அலுவலர். பூர்வகுடிகளின் வழக்கத்தை ஒட்டிய இலேசான தீவைப்பை மறுத்து 1920இல் கட்டுரை எழுதியவர்.

1940களில் ஜான் கர்ட்டிஸ் என்னும் தாவரவியலாளரும் மாக்ஸ் பார்ட்ச் என்பாரும் அப்பழைய பண்ணை நிலத்தில் சிறு பாத்திகளை வெவ்வேறு பருவங்களில் எரித்து, எரிக்காத பாத்திகளோடு ஒப்பிட்டனர். எரித்த பாத்திகளில் அயற்புல் பெரிதும் குறைந்தது. தாயகப் புற்கள் மிகுதியாகப் பூத்தன. காரணம் எளியது. அயற்புல் குளிர்காலத்தின் இறுதியிலேயே துளிர்ப்பது. வசந்தகாலத் தீ அதன் இளந்தளிரைப் பொசுக்குகிறது. பிரெய்ரிப் புற்களோ வெப்பம் ஏறியபின் எழுபவை. தீ பரவும் நாளில் அவை மண்ணுக்குள் உறங்குகின்றன. சருகு நீங்கிக் கருகிய தரை வெயிலை ஈர்த்து விரைவில் சூடேற, அவற்றின் எழுச்சி விரைவாகிறது. மரம் வளரப் போதிய மழை பெய்யும் விஸ்கான்சினிலும் இல்லினாயிலும் புல்வெளி நிலைத்திருந்தது எவ்வாறு என்னும் புதிருக்கும் இதுவே விடை. முற்காலத்தில் அவ்வப்போது எரிந்ததாலேயே அது புல்வெளியாக இருந்தது. அந்நெருப்பில் பெரும்பங்கு மனிதர் இட்டது.

இவ்வாய்வு 1948இல் வெளியாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள், அண்டை நிலத்தில் பரவிய புல்தீயை அணைக்கப் போராடுகையில் லியோபோல்டு மாரடைப்பால் உயிர் நீத்தார். நெருப்பு உயிரூட்டும் என்று காட்டிய ஆண்டே, அது தன் கட்டுக்கு அடங்காதது என்பதையும் காட்டிச் சென்றது. கர்ட்டிசின் மறைவுக்குப் பின் அந்நிலம் ‘கர்ட்டிஸ் பிரெய்ரி’ எனப் பெயர் பெற்றது. உலகில் மீட்டுருவாக்கப்பெற்ற புல்வெளிகளுள் மூத்ததாக அது கருதப்படுகிறது.

கல்லறைகளில் எஞ்சிய விதை

முறை தெரிந்தாலும் விதை வேண்டுமே! ஏர் புகாத இடம் எது? இறந்தோர் உறங்கும் இடம். தொடக்கக் குடியேறிகள் உழாத புல்தரையின் ஒரு மூலையைக் கல்லறைத் தோட்டமாக ஒதுக்கினர். சுற்றிலும் வயல் பரவியபோதும், நினைவுக்கற்களுக்கு இடையே பழைய புல்வெளி தன் பூக்களோடு உயிர்த்திருந்தது. லியோபோல்டு மறைந்தபின் 1949இல் வெளிவந்த ‘எ சாண்ட் கவுண்டி அல்மனாக்’ என்னும் நூல், அத்தகைய கல்லறை மூலை ஒன்றில் தப்பியிருந்த திசைகாட்டிச் செடி சாலைப் பணியாளரால் வெட்டப்பட்டதைப் பதிவு செய்கிறது. இருப்புப்பாதை ஓரங்களும் அத்தகைய புகலிடங்களே. அங்கே உழவு இல்லை. நீராவி எஞ்சினின் தீப்பொறிகள் அவ்வப்போது அவ்விடங்களை எரித்தும் வந்தன.

சிகாகோ நகரின் பேராசிரியர் ராபர்ட் பெட்ஸ் இத்தகைய கல்லறைகளைத் தேடித் தேடி ஆராய்ந்தவர். சிகாகோவை அடுத்த ஃபெர்மி ஆய்வகத்தில், அணுத்துகள் முடுக்கியின் மாபெரும் வளையத்திற்குள் வெற்று நிலம் கிடப்பதறிந்து, அங்கே பிரெய்ரி வளர்க்கும் கருத்தை அதன் இயக்குநர் ராபர்ட் வில்சனிடம் வைத்தார். பணி முற்றுப்பெற இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்று பெட்ஸ் கூறவே, அப்படியாயின் இன்று பிற்பகலே தொடங்கிவிடலாம் என்றாராம் வில்சன். 1975இல் 10 ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தில் முதல் விதைப்பு நிகழ்ந்தது. பின்னர் அது ஏறத்தாழ 1,000 ஏக்கராக விரிந்தது. விதை திரட்டியவருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத பொதுமக்கள்.

வளர்ப்பின் நெறி

இம்முயற்சிகளிலிருந்து ஒரு நெறி உருவாயிற்று. தாயக விதைகள் பல, ஈரமும் குளிரும் சேர்ந்த ஒரு காலத்தைக் கடந்தாலன்றி முளைப்பதில்லை. ஆதலின் பனிக்காலத்திற்கு முன் விதைத்தல் நன்று. இல்லையேல் ஈரமணலில் கலந்து குளிரில் பல வாரம் வைத்திருத்தல் வேண்டும். அவரைக் குடும்பச் செடிகளின் கடினமான விதைத்தோலைச் சற்றே தேய்த்துக் கொடுப்பர். முதலாண்டு கண்ணுக்குத் தெரிவது களைகளே. செடி அப்போது வேரை வளர்க்கிறது. களை உயரும்போது மேலாக வெட்டி ஒளி விடுவதும், வேர் நிலைத்தபின் முறைவைத்து எரிப்பதும் அடுத்த கடமைகள். முரட்டு இனங்களை முதலில் ஊன்றி, மென்மையான இனங்களைப் பின்னரே சேர்க்கும் படிமுறையைப் பெட்ஸ் வகுத்தார். பொறுமையே இத்தொழிலின் முதல் கருவி எனின் மிகையன்று.

பயனும் வரம்பும்

பூக்கள் வந்ததும் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வந்தன. புல்வெளிப் பறவைகள் திரும்பின. இல்லினாயின் நச்சூசா புல்வெளியில் 1986இல் தொடங்கிய மீட்புப் பணி, 2014இல் காட்டெருமைகளையே திரும்பக் கொணரும் அளவுக்கு வளர்ந்தது.

எனினும் மீட்சி முழுமையானதன்று. கர்ட்டிஸ் பிரெய்ரியின் ஓரத்தில் நெடுஞ்சாலை ஓடுகிறது. நகரின் மழைநீர் பாய்ந்த தாழ்பகுதிகளில் அயற்புல் மீண்டும் கால்கொண்டது. தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும், காத்தல் நின்றால் களை வெல்லும் என்பதே நிலை. பழைய புல்வெளியின் இனவளத்தை எந்தப் புதுப் புல்வெளியும் முற்றாக எட்டியதாகக் கூறுவதற்கில்லை. எஞ்சியுள்ள கையளவு நிலத்தை உழாமல் காப்பதே முதற்கடமை என்பதை இவ்வரலாறு வற்புறுத்துகிறது.

மற்றொரு கடனும் உண்டு. அறிஞர் பல ஆண்டு ஆய்ந்து கண்ட உண்மையை, அந்நிலத்திலிருந்து துரத்தப்பட்டோர் முன்னரே அறிந்திருந்தனர். விஸ்கான்சினிலிருந்து பலமுறை அகற்றப்பட்டும் ஹோ-சங்க் மக்களில் பலர் அம்மண்ணுக்கே திரும்பி வந்து வாழ்ந்தனர். அவர்தம் மரபினர் இன்றும் அங்கு உள்ளனர். புல்வெளி என்பது மனிதர் கைபடாத வெற்றிடம் அன்று. மனிதரும் புல்லும் நெருப்பும் நெடுங்காலம் கூடி நடத்திய வாழ்வு. விதையை மட்டும் மீட்டு அவ்வாழ்வை மறப்போமாயின், மீட்டது பாதியே ஆகும்.