மறைமலைநகரில் பிறந்த 'ஜோஷ்' கார்

நம் மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1999-இல் வந்தது. ஃபியஸ்டா என்னும் சிறு காருக்கு டிக்கி சேர்த்து, இந்தியாவுக்கென்று உருவாக்கியது. 'ஜோஷ் மெஷின்' என்றுதான் விளம்பரமே! அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின்மேல் அன்றைய இளைஞர்களுக்குத் தனி மயக்கம். 2022-இல் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றது. ஐகான்கள் சில இன்னும் ஓடுகின்றன.

அப்படியொன்றில் தினமும் மகளைப் பள்ளியில் விட்டு வேலைக்குப் போகும் என் பழைய மாணவன், "சார், பவரைக் கூட்டலாமா?" என்று கேட்டான்.

என்ஜினுக்கு என்னப்பா குறை? டயரைப் பார் என்றேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. நல்ல டயர், அடுத்து பிரேக் பேடு, பிரேக் ஆயில், பிறகு ஷாக் அப்சார்பர். மாமல்லபுரம் பக்கம் அடிக்கடி போவதால் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சும் வேண்டும். உப்புக்காற்று சும்மா விடாது.

கம்பெனி வடிவமைப்பை இஷ்டப்படி மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இரைச்சல் சைலன்சர் ஆசையையும் விடச் சொன்னேன். டயர் மாற்றிவிட்டான், பூச்சுதான் பாக்கி.