அடுப்பில் கண்ட அற்புதம்

அற்புதம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளம் இயற்கைக்கு மாறான நிகழ்ச்சிகளையே தேடிச் செல்கிறது. கல் மிதந்தது, கடல் பிளந்தது, இறந்தவன் எழுந்தான் என்னும் செய்திகளுக்கே நாம் அப்பெயரைச் சூட்டுகிறோம். உண்ட சோறு உடலில் குருதியாக மாறுவதையும், மண்ணில் விழுந்த விதை மழையின் ஈரம் பட்டதும் கண் திறப்பதையும், ஒரு சிறு திரியில் ஏற்றிய நெருப்பு அறை முழுதும் நிறைந்த இருளை நொடியில் விரட்டுவதையும் நாம் அற்புதம் என்று சொல்வதில்லை. அவை நாள்தோறும் நிகழ்வதே அவற்றின் குற்றமாகிவிட்டது போலும்!

பழக்கத்தால் மங்கிய கண்ணைத் துடைத்து, அன்றாட வாழ்வின் அருமையை மக்களுக்குக் காட்டிய சான்றோர் எல்லாச் சமயங்களிலும் தோன்றியிருக்கின்றனர். தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பணியை ஆற்றியவர்களுள் தலைசிறந்தவர் இராமலிங்க அடிகள். அவரை அருட்பாவின் ஆசிரியராகவும், சமரச ஞானியாகவும் பலர் ஆராய்ந்துள்ளனர். எளிய பொருள்களில் அவர் கண்ட வியப்பு எத்தகையது, அது எங்கே சென்று முடிந்தது என்பதை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிகள் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூரில் இராமையா, சின்னம்மையார் ஆகியோரின் மகனாகத் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்து, தமையனாரின் ஆதரவில் சென்னையில் வளர்ந்தார். கந்தகோட்டமும் திருவொற்றியூரும் அவருடைய இளமைப் பத்தியின் நிலைக்களங்கள். வீட்டுச் சுவரில் கண்ணாடியொன்றை நிறுத்தி, அதற்கு முன் விளக்கேற்றி வழிபட்ட சிறுவனுக்கு அக்கண்ணாடியில் முருகன் காட்சி தந்தான் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். கண்ணாடியும் விளக்கும் எந்த வீட்டிலும் உள்ள பொருள்கள். ஆயினும் அவ்விரண்டும் அவர் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை என்பது பின்னர் விளங்கும்.

1854இல் அவர் வெளியிட்ட ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்னும் உரைநடை நூல் இங்கு நினைக்கத்தக்கது. தேர்க்காலில் அகப்பட்டு மாண்ட ஒரு கன்றுக்காகத் தாய்ப்பசு மணியை அசைத்த கதை தமிழர் அனைவரும் அறிந்ததே. ஒரு விலங்கின் துயரம் அரசனின் செவிக்கு எட்டியது என்பதே அக்கதையின் உயிர். கேட்கும் செவி இருந்தால் வாயில்லா உயிரும் பேசும் என்னும் உண்மையை அடிகள் தம் எழுத்து வாழ்வின் தொடக்கத்திலேயே பற்றிக்கொண்டார் எனலாம்.

சென்னையின் ஆரவாரத்தை விட்டு நீங்கிய அடிகள், 1858ஆம் ஆண்டளவில் தென்னாற்காட்டுச் சிற்றூரான கருங்குழியை அடைந்தார். அங்கே நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தி தமிழ்நாட்டில் பெரிதும் பரவியுள்ளது. அவர் தங்கியிருந்த வீட்டு அம்மையார், புதிய மட்கலம் ஒன்றைப் பழக்குவதற்காக அதில் நீர் நிறைத்து வைத்திருந்தார். அதை எண்ணெய்க் கலம் என்று கருதிய அடிகள் விளக்கில் அந்நீரையே வார்த்து வந்தார். விளக்கு இரவு முழுதும் எரிந்தது என்பது அச்செய்தி. நம்புவோர் இதனை அற்புதம் என்பர். ஐயுறுவோர் கதை என்பர். அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நீரில் எரிந்த விளக்கை வியப்பவர்கள், எண்ணெயில் எரியும் விளக்கை என்றேனும் வியந்ததுண்டா? எள்ளின் வயிற்றில் வெளிச்சம் ஒளிந்திருப்பது வியப்பில்லையா?

அடிகளின் பார்வை அத்தகையதே. வேலியோரத்தில் தானே முளைத்துக் கிடக்கும் கரிசலாங்கண்ணி, முள்ளோடு படரும் தூதுவளை, யாரும் பொருட்படுத்தாத முசுமுசுக்கை ஆகியவற்றின் குணங்களை ஆராய்ந்து, அவற்றை நாள்தோறும் உட்கொள்ளுமாறு தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். காலின்கீழ் மிதிபடும் பூண்டிலும் அருள் மறைந்திருக்கிறது என்று கண்டவர் அவர். நீரற்று நிற்கும் பயிரின் துன்பத்தைத் தம் உயிரின் துன்பமாகவே உணர்ந்து அவர் பாடியது, ஒரு புலவரின் கற்பனை நயத்தால் அன்று. பயிரைப் பயிராகப் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தமையால் ஆகும்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். விளக்கையும் விதையையும் வியந்துகொண்டிருப்பதால் உலகுக்கு என்ன பயன்? வயிறு நிறைந்தவனுக்கு வியப்பு ஓர் இன்பப் பொழுதுபோக்கு. பசித்தவனுக்கு அது எதற்கு? இவ்வினா நியாயமானதே. இதற்கு அடிகள் சொல்லால் மட்டும் விடை கூறவில்லை.

அவர் எழுதிய ‘சீவகாருணிய ஒழுக்கம்’ என்னும் உரைநடையைப் படிப்போர், பசியை இத்துணை நுணுக்கமாக ஆராய்ந்த சமய நூல் வேறுண்டோ என்று வியப்பர். பசி மிகும்போது அறிவு எவ்வாறு மயங்குகிறது, கண்ணும் காதும் எவ்வாறு தளர்கின்றன, மனம் எவ்வாறு நம்பிக்கை இழக்கிறது என்பவற்றை ஒரு மருத்துவரின் கூர்மையோடு அவர் வரிசைப்படுத்துகிறார். பின்னர் உணவு கிடைத்தவுடன் உள்ளே உண்டாகும் குளிர்ச்சியையும் முகத்தில் தோன்றும் மலர்ச்சியையும் காட்டி, அம்மலர்ச்சியில் வெளிப்படுவது கடவுள் இன்பமே என்னும் முடிவுக்கு வருகிறார். உண்ண வந்தவனின் நாடு, சமயம், சாதி, ஒழுக்கம் எதனையும் கேளாது உணவளிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. கோயிலில் தேடிய காட்சியை, பசி தீர்ந்த ஏழையின் முகத்தில் அவர் கண்டார்.

கண்டதோடு அவர் அமையவில்லை. 1866இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் கொடிய பஞ்சம் வாட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலையை அடிகள் தொடங்கினார். அவ்வூர் மக்கள் அவருடைய பணிக்கென எண்பது காணி நிலத்தை மனமுவந்து வழங்கினர். எளிய கட்டடத்தில், நீண்ட அடுப்பொன்றில் அன்று மூட்டப்பட்ட நெருப்பு, நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் அணையாது காக்கப்பட்டு வருகிறது. வந்தோர்க்கெல்லாம் இன்றும் அங்கே உணவு வழங்கப்படுகிறது. நீரில் விளக்கெரிந்த செய்தியை ஐயுறுவோரும் இவ்வடுப்பை ஐயுற இயலாது. இது விறகாலும் அரிசியாலும் மனிதக் கைகளாலும் ஆன அற்புதம். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் எழுந்து விறகு தள்ளியதனாலேயே இது நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழராகிய நாம் 1867ஆம் ஆண்டைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள், இந்திய ஆட்சியினின்று பிரிக்கப்பட்டு, பிரிட்டிஷ் முடியரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது அதே ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில்தான். வடலூரில் அடுப்பு மூட்டப்பட்டது அதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குப் பின். அக்காலத்தில் நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள், தஞ்சை, திருச்சி, தென்னாற்காடு, சேலம் ஆகிய மாவட்டங்களின் ஏழை மக்களைப் பினாங்கிற்குச் சுமந்து சென்றன. வெல்லஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்கள் அவர்களுடைய உழைப்பை எதிர்பார்த்திருந்தன. அடிகள் எந்த மண்ணில் நின்று பசியை ஆராய்ந்தாரோ, அதே மண்ணின் பசிதான் நம் முன்னோர் பலரைக் கடல் கடக்கச் செய்தது. அவர்களைக் கப்பலேற்றிய கங்காணியின் கண்ணுக்கு அவர்கள் ஆள்கணக்கு. தோட்டத்துரையின் கண்ணுக்குக் கூலிக்கணக்கு. அதே மக்களை இறைவன் உறையும் ஆலயங்களாகக் கண்ட கண் ஒன்றும் அப்போது தமிழ்நாட்டில் இருந்தது என்பது நமக்கு ஆறுதலும் பெருமையும் தருவதாகும்.

தருமச்சாலைக்குப் பின் சத்திய ஞானசபை எழுந்தது. எண்கோண வடிவில் அமைந்த அச்சபையில் 1872 சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நடைபெற்றது. அங்கே சிலை இல்லை. பெரியதொரு கண்ணாடி உண்டு, விளக்கு உண்டு. கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு நிறத் திரைகள் அவற்றை மறைத்து நிற்கும். அவை ஒவ்வொன்றாக விலக, இறுதியில் சுடர் தோன்றும். இளமையில் வீட்டில் வழிபட்ட கண்ணாடியும் விளக்குமே இங்குச் சபையாக வளர்ந்து நிற்கின்றன! திரைகள் விலகிய பின்னர் காணப்படுவது புதியதொரு பொருளன்று. வீட்டில் நாம் நாள்தோறும் ஏற்றும் அதே விளக்குத்தான். மறைப்பு விளக்கில் இல்லை, நம் பார்வையில்தான் உண்டு என்பதை இதனினும் தெளிவாக எந்தச் சாத்திரம் விளக்க வல்லது?

ஆயினும் அடிகளைச் சூழ்ந்தவர் அனைவரும் இதனை உணர்ந்தனர் என்று கூறுவதற்கில்லை. இயல்பு கடந்த செயல்களை எதிர்பார்த்து வந்தோர் பலர். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி அவர் ஆற்றிய பேருரையில், காலத்தை வீணாக்காமல் இடைவிடாது விசாரம் செய்யுங்கள் என்பதே வற்புறுத்தப்பட்டது. அவர் போதித்த சாதனங்கள் இரண்டு: நல்விசாரம் ஒன்று, பரோபகாரம் மற்றொன்று. உற்றுநோக்கி உண்மையை வினவுவது முன்னது. பிறவுயிர்க்கு உதவுவது பின்னது. ஒன்று கண், மற்றொன்று கை. கண் மட்டும் இருந்தால் அருள் கனவாகிப் போகும். கை மட்டும் இருந்தால் அறம் வெறுங் கடமையாகி வறண்டு போகும்.

1874 சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார் அடிகள். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. தென்னாற்காடு மாவட்டத்தைப் பற்றி ஆங்கில அரசு 1906இல் வெளியிட்ட விவரநூலும் இச்செய்தியைக் குறித்துள்ளது. அவ்வறைக்குள் நிகழ்ந்தது யாது என்று நூற்றாண்டுக்கு மேலாக வாதம் செய்கிறோம். ஆனால் அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தை வரலாறு காணாத பெரும்பஞ்சம் சூழ்ந்து, இலட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்டது. அரசு நிவாரண முகாம்களில் கூலியாக ஒரு நாளைக்கு ஒருவனுக்கு எத்துணை உணவு போதும் என்று அதிகாரிகள் கணக்கிட்டுக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பசி என்றால் என்னவென்று உற்று நோக்கிய ஒருவர் எழுதிய நூல் அந்நாட்டிலேயே இருந்தது. அதைக் கற்க ஆண்டவர்களுக்கு மனமில்லை. பார்க்கத் தவறுவது சிறு குறையன்று. அது உயிர்களைப் பலிவாங்கும் குறை என்பதற்கு இவ்வரலாறே சான்று.

நம் நாட்டில் இன்று தைப்பூசம் பெருவிழாவாகச் சிறக்கிறது. காவடியின் அழகையும் கூட்டத்தின் பெருக்கத்தையும் கண்டு மகிழ்கிறோம்; மகிழத்தான் வேண்டும். அதே பூசத்தன்று வடலூரில் ஏழு திரைகளும் விலகுகின்றன என்பதையும் நினைவிற் கொள்வது நன்று. கோயில்களில் அன்னதானத்திற்காக விடியுமுன் எழுந்து அரிசி களையும் தொண்டர்களையும், காய் நறுக்கும் தாய்மார்களையும் நாம் ஏறெடுத்துப் பார்க்கிறோமா? கருவறையில் ஏற்றும் சுடருக்கும் மடைப்பள்ளியில் எரியும் நெருப்புக்கும் இடையே அடிகள் வேற்றுமை காணவில்லை.

எனவே அற்புதம் தேடி மலை ஏற வேண்டுவதில்லை. கடல் கடக்க வேண்டுவதில்லை. பசியால் கடல் கடந்த ஒருவரின் வழித்தோன்றல், இன்று தன் வீட்டு அடுப்பில் உலை கொதிக்கும் ஓசையைக் கேட்பதே ஓர் அற்புதமன்றோ? அவ்வோசையை வியந்து கேட்பவன், அண்டை வீட்டில் அவ்வோசை எழவில்லையாயின் அதனையும் கேட்பான். கேட்டவன் வாளா இருக்க மாட்டான். அன்றாட வாழ்வின் அருமையை உணர்வதற்குரிய அடையாளம் அதுவே; வடலூரின் அணையா அடுப்பு நமக்கு விடுக்கும் செய்தியும் அதுவே.