எலக்ட்ரீசியன் கைக்கு வந்த என்ஜின்

திருச்சியில் நான் தொழில் பழகிய 1980-களில் கார் வேலை இரண்டு கூறாக இருந்தது. என்ஜினைப் பிரித்து மாட்டுபவர் மேஸ்திரி. டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன், லைட் பார்ப்பவர் எலக்ட்ரீசியன். பல பேருக்கு அவர் வெறும் 'பேட்டரிக்காரர்'. பாலக்கரையில் மேஸ்திரிக்குப் பெரிய ஷெட், அதை ஒட்டிய தகரச் சாய்ப்பில் எங்களுக்கு ஒரு பெஞ்சு. என்ஜின் ஓடவில்லை என்றால் பேச வேண்டியவர் அவர்; நாங்கள் கூப்பிட்டால் போவோம். அந்தச் சாய்ப்பு வேலை இருபதே வருடத்தில் என்ஜினுக்கு நடு வேலையாக மாறியது. அது எப்படி நடந்தது என்பதை எழுதி வைக்காவிட்டால், 'கம்ப்யூட்டர் வந்து பட்டறைத் தொழில் அழிந்தது' என்ற பேச்சே வரலாறாக நின்றுவிடும்.

இந்த ஊருக்குக் கைத்தொழில் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928-ல் பொன்மலைக்கு வந்தது. 1960-களில் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலையும், நவல்பட்டுப் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தன. கடைசல், வெல்டிங், காயில் சுற்றுவது எல்லாம் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். டைனமோ ஆர்மேச்சர் எரிந்துபோனால் இங்கேயே பிரித்துச் சுற்றி மாட்டுவோம். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூக்காஸ் டிவிஎஸ் கம்பெனியின் சாமான்கள்தான் எங்களுக்குப் பாடப்புத்தகம். அம்பாசடர் டிஸ்ட்ரிப்யூட்டரில் பாயிண்ட் இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர். அதை வைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். கார்புரேட்டர் திருகைத் திருப்பி, சத்தம் கேட்டே ஐடிலிங் வைப்பது மேஸ்திரியின் காது வேலை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் இந்தப் பங்கீடு மாறவில்லை; அதிலும் கார்புரேட்டர்தான். மாற்றத்தைக் கொண்டுவந்தது புகை. டெல்லியின் காற்று பற்றிய வழக்கில் 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது: தலைநகர்ப் பகுதியில் புதிய கார்கள் அந்த ஜூன் முதல் யூரோ-1, 2000 ஏப்ரல் முதல் யூரோ-2 அளவுக்குள் இருக்க வேண்டும். யூரோ-2-க்கு இணையான பாரத் ஸ்டேஜ்-2 விதி நாடு முழுவதற்கும் வந்தது 2005-ல். ஆனால் வண்டிகள் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ 1998-லேயே எம்பிஎஃப்ஐ என்ஜினோடு, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு பெட்ரோல் ஊசியோடு வந்தது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1967-ல் ஃபோக்ஸ்வேகன் காரில் பொருத்திய மின்னணு பெட்ரோல் ஊசி, முப்பது வருடம் கழித்துத் தில்லைநகர் வீடுகளின் போர்டிகோவுக்கு வந்தது.

புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். நொடிக்கு நொடி அந்தக் கணக்கைத் திருகு வைத்துக் காக்க முடியாது. அதனால் ஒரு பெட்டி வந்தது. ஈசிஎம் என்பார்கள், வாடிக்கையாளருக்கு 'கம்ப்யூட்டர்'. அது சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுத்து, என்ஜின் சூடு, காற்றழுத்தம், த்ராட்டில், கிராங்க் சுற்று எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது என்று முடிவு செய்கிறது. மேஸ்திரியின் காது செய்த வேலை வயருக்குள் போனது. வயர் எங்கள் கையில் இருந்தது.

ஆரம்பத்தில் ஊரே மிரண்டது. பெட்டியில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் பட்டறைகளில் கிடையாது. அப்போதைய சில மாருதி வண்டிகளில் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் இரண்டு முனையை ஒரு வயரால் இணைத்தால் செக் லைட் கண்சிமிட்டும்: ஒரு முறை, சிறிது நேரம் விட்டு இரண்டு முறை வந்தால் 12; கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். அது தெரியாதவர்கள், ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கெல்லாம் 'கம்ப்யூட்டர் போச்சு' என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

உண்மையில் அந்தப் பெட்டி எளிதில் கெடாது, நாம்தான் கெடுப்போம். பேட்டரி முனையைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது, ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது, ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டு 16 வோல்ட்டுக்கு மேல் ஏறுவது எல்லாம் அதற்கு எமன். ஸ்ரீரங்கத்தில் இன்னொரு கதை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் வீட்டில். கார் டாக்டரிடமும் கல்யாணத்துக்கும் போனால் உண்டு. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எலி வயரைக் கடிக்கும், கனெக்டரில் பச்சைப் பாசி பூக்கும். 2005 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய கார்களின் பெட்டிகளைத் திறந்தபோது, சர்க்யூட் போர்டில் சேறு படிந்து செப்புக்கோடுகள் அரித்திருந்தன.

ஸ்ரீரங்கத்து மாருதி 800 ஒன்று, 2004 மாடல். சூடானால் நின்றுவிடும், ஆறினால் ஓடும். 'ஈசிஎம் மாற்ற வேண்டும்' என்று வேறொரு இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நின்ற நேரத்தில் சாவியைத் திருப்பினேன். செக் லைட் எரியவில்லை. த்ராட்டில் சென்சாரில் 5 வோல்ட் இல்லை. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றியும் திரும்பவில்லை. ஆக, எந்த சென்சாரும் ஷார்ட் இல்லை. பெட்டிக்கு வரும் 12 வோல்ட்டையும் அர்த்தையும் மீட்டரில் பார்த்தால் சரி. மீட்டரை மட்டும் நம்பக் கூடாது: ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் அது 12 காட்டும். 21 வாட் பிரேக் லைட் பல்பை அதே முனைகளில் வைத்தேன், முழு வெளிச்சம். அப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது: கனெக்டர் பின் ஒன்றைச் சுற்றி, ஈயப்பற்றில் மயிரிழை போல வட்ட வெடிப்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்ற வைத்தேன். அந்த வண்டி இன்றும் அதே பெட்டியோடு ஓடுகிறது.

மாற்றியே ஆக வேண்டிய பெட்டியும் உண்டு. அப்போது மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். பழைய மாடலுக்குப் புதுப் பெட்டி வருவது நின்றிருந்தால் பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைதான் வழி. இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவிக்குள் இருக்கும் சிப்பைப் பெட்டி அடையாளம் கண்டால்தான் என்ஜின் ஓடும். அதனால் பழைய போர்டிலிருக்கும் எட்டுக்கால் மெமரி சிப்பை எடுத்துப் புதிய போர்டில் வைக்கிறோம், அல்லது அதன் பதிவைப் படித்து ஏற்றுகிறோம். ஆர்மேச்சர் சுற்றிய கை பழகிக்கொண்ட வேலை இது.

இதற்கு உரிமையும் வேண்டும். உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க விடாமல் செய்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் எங்கள் ஆதங்கம் பட்டறைப் புலம்பல் அல்ல, பொதுநியாயம் என்று நாட்டுக்குச் சொன்ன ஆணை அது.

இன்று வருகிற பையன்கள் முதலில் ஸ்கேனரைத்தான் மாட்டுகிறார்கள். மாட்டட்டும். அது காட்டும் கோளாறு எண் சொல்வது எந்தச் சுற்றில் சந்தேகம் என்பதை மட்டும். பேட்டரி, பியூஸ், ரிலே, அர்த், கனெக்டர், சென்சார், கடைசியில் பெட்டி: இந்த வரிசை டைனமோ காலத்துச் சாய்ப்பில் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது, பெட்டி மட்டும் பிறகு சேர்ந்தது. ஐடிஐ முடித்து என்னிடம் வருபவர்களுக்கு நான் முதல் மாதம் ஸ்கேனர் கொடுப்பதில்லை. பல்பும் இரண்டு வயரும் கொடுக்கிறேன். அதில் தேறியவன் எந்த வருடத்து வண்டி வந்தாலும் வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்க மாட்டான்.