கைரேகையை ஒளிர வைத்த அருமண் தனிமங்கள்

குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கிற கைரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்னு 1880-லேயே நேச்சர் இதழில் எழுதினவர் ஒரு டாக்டர். ஹென்றி ஃபால்ட்ஸ், டோக்கியோவில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர். அந்தக் கடிதத்தில் ரெண்டு சம்பவம் சொல்றார். ஒண்ணு, ஸ்பிரிட்டை எடுத்துக் குடிச்ச ஆளை எண்ணெய்ப் பிசுக்கு ரேகை காட்டிக்கொடுத்தது. இன்னொண்ணு, வெள்ளைச் சுவரில் இருந்த கரி ரேகை ஒருத்தர் மேல் தப்பில்லைன்னு காட்டியது. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியமா படுது.

கரி படிஞ்ச விரல், வெள்ளைச் சுவர்னா கண்ணுக்கே தெரியும். பல வண்ண லேபிள் ஒட்டின பாட்டில்னா? விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது (முகத்தையும் தலையையும் தொட்டுத் தொட்டு ஒட்டிக்கிற பிசுக்குதான் அது), வியர்வைச் சுரப்பி மட்டும்தான். அந்த மெல்லிய படிவை லேபிளோட நிறங்களுக்கு நடுவில் தேடணும். கறுப்புப் பொடி அங்கே தோத்துடும்.

1977-ல் கனடாவில் டால்ரிம்பிள், டஃப், மென்செல் மூணு பேரும் ஆர்கான் லேசரை அடிச்சுப் பார்த்தாங்க. பொடியே இல்லாம ரேகை ஒளிர்ந்தது! சிக்கல் என்னன்னா, காகிதமும் பெயின்ட்டும்கூட சேர்ந்து ஒளிரும். ரேகை அதுக்குள்ள மூழ்கிடும்.

இங்கேதான் யூரோப்பியம் வருது. 1901-ல் டெமார்சே கண்டுபிடிச்ச அருமண் தனிமம். 1960-களில் கலர் டிவியின் சிவப்பு இதோட உபயம்தான். தனியா விட்டா இது ஒளியைச் சரியா உறிஞ்சாது. அதனால ஒரு கரிம மூலக்கூறைக் கூடச் சேர்ப்பாங்க. அது புற ஊதா ஒளியை வாங்கி, வாளியைக் கைமாத்துற மாதிரி யூரோப்பியத்துக்குக் கொடுக்கும். இது சிவப்பா ஒளிரும். நின்ஹைட்ரின் போட்ட ரேகையில் இதைச் செய்யலாம்னு மென்செல் 1990-ல் காட்டினார்.

அழகு அந்தச் சிவப்பில் இல்லை, நேரத்தில் இருக்கு. பின்னணியின் ஒளிர்வு சில நானோ செகண்டில் அணைஞ்சுடும். யூரோப்பியம் சில நூறு மைக்ரோ செகண்ட் எரியும், கிட்டத்தட்ட லட்சம் மடங்கு. ஒளியைத் துண்டிச்சு, ஒரு இம்மி தாமதிச்சு கேமராவைத் திறந்தா லேபிள் இருட்டாகி ரேகை மட்டும் நிக்கும். பச்சிளம் குழந்தைகளோட தைராய்டு பரிசோதனையில் டெல்ஃபியா முறை இருக்கே, அதுலயும் இதே யூரோப்பியம், இதே தாமத வித்தைதான்.

அடுத்து வந்தது தலைகீழ் வழி. இட்டெர்பியமும் எர்பியமும் கலந்த சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு பொடியில் 980 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை அடிச்சா பச்சையா ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போய், தெரியிற ஒளி வெளியே வருது. சாதாரண பெயின்ட், காகிதம் எதுவும் இப்படிச் செய்யாது. அதனால காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2011-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கைரேகையில் சோதிச்சு வெளியிட்டாங்க.

இதுக்கெல்லாம் தனி லேசரும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேணும். அதனால இன்னைக்கும் தடயவியல்காரங்க பையில் முதல்ல இருக்கிறது கறுப்புப் பொடியும் அலுமினியப் பொடியும்தான்.