தேசப்படம் யாருக்குரியது?

வடக்குக் கிழக்கின் உயர்கல்விக்குப் புலம்பெயர்ந்த நாம் என்ன செய்யலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கணனி அனுப்புவதுதான் முதலில் முன்வைக்கப்படுகிறது. அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமையும் சேர்ந்துள்ளது. இடங்கள் பற்றிய தரவுகளை ஒரே தேசப்படத்தின் மீது படலம் படலமாக அடுக்கி, அவற்றுக்கிடையிலான தொடர்புகளைக் கணனியின் துணையுடன் ஆராயும் முறை இது. வரலாறு, சட்டம், மருத்துவம், விவசாயம் என எல்லாத் துறைகளின் கற்பித்தலிலும் இதனைச் சேர்க்கவேண்டும் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடே. ஆயினும் மென்பொருள் வந்துவிட்டால் தேசப்படமும் வகுப்பறைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு எனக்கு உடன்பாடில்லை. இதை விளக்க நாம் தஞ்சமடைந்துள்ள சுவிற்சர்லாந்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்நாட்டின் முதலாவது துல்லியமான தேசப்படத்தை உருவாக்கியவர் ஓர் இராணுவ அதிகாரி. கியோம் ஆன்றி டுஃபூர் 1838 இல் ஜெனீவாவில் நில அளவைப் பணியகம் ஒன்றை அமைத்தார். 1845 முதல் 1865 வரை, ஒன்றுக்கு ஒரு இலட்சம் என்ற அளவுத்திட்டத்தில், 25 தாள்களாக அப்படம் வெளிவந்தது. முதல் தாள்கள் வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1847 இல், கத்தோலிக்கக் கன்ரோன்கள் பிரிந்துநின்று ஓர் உள்நாட்டுப் போர் மூண்டது. அதில் கூட்டாட்சிப் படைக்குத் தலைமை தாங்கியவரும் இதே டுஃபூர்தான். ஆகவே சுவிஸ் தேசப்படத்தின் பிறப்பில் எந்தப் புனிதமும் இல்லை. அதுவும் படைக்காகப் பிறந்ததே.

கவனிக்கவேண்டியது அதன் பின்னர் நடந்ததை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டாட்சி அரசு பாடசாலைகளுக்குச் சுவர்ப் படங்களை இலவசமாக வழங்கியது. 1910 இல் இடைநிலைப் பாடசாலைகளுக்கான தேசப்படத் தொகுப்பு வெளியாயிற்று. 1925 இல் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் படவரைகலைக்கான நிறுவகத்தைத் தொடக்கிய எடுவார்ட் இம்ஹோஃப், 1932 முதல் 1976 வரை அப்பாடசாலைத் தொகுப்பின் பதிப்பாசிரியராகவும் இருந்தார். உயராய்வு செய்தவரே பள்ளி மாணவருக்கான படத்தையும் வரைந்தார் என்பது சிறிய விடயமல்ல. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளிவரும் அத்தொகுப்பு இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 2021 மார்ச் 1 முதல், கூட்டாட்சி நில அளவை அலுவலகத்தின் இலக்கமுறைத் தரவுகளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். படையின் சொத்து பொதுமக்களின் சொத்தாக மாறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எட்டாண்டு, ஒன்பதாண்டு படித்துவிட்டு வேலைக்கு வந்த சுவிஸ் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகுமுன் சமவுயரக் கோடுகளைப் பார்த்து எவ்விடத்தில் மூச்சு வாங்கும் என்று சொல்லிவிடுவார். அவருக்கு அதைக் கற்பித்தது கணனியல்ல.

இலங்கை நில அளவைத் திணைக்களம் டுஃபூரின் பணியகத்தைவிட மூத்தது. பிரித்தானியர் அதனை 1800 இலேயே நிறுவினர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அக்காணிகளை அளந்து பெருந்தோட்டக்காரருக்கு விற்க நில அளவையாளர் தேவைப்பட்டனர். ஆக, அளவையில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. அளந்த படம் குடியானவனின் கைக்கு வராததுதான் வேறுபாடு. போர்க்காலத்தில், விபரமான படமொன்றைக் கையில் வைத்திருப்பதே சந்தேகத்தைத் தேடிக்கொள்வதாயிற்று. நான் விரிவுரையாளனாக இருந்த இடத்தில் ஓரங்குலப் படங்கள் புவியியல் துறை அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. பிற துறை மாணவர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. அவ்வாறான இடத்தில் ஜி.ஐ.எஸ். வந்தால் அதுவும் அதே அலுமாரிக்குள்தான் போகும்.

துறைகளை ஒன்றிணைப்பது கருவியல்ல, கேள்வி. 1854 இல் லண்டன் சோகோ பகுதியில் கொலரா பரவியபோது, மருத்துவரான ஜோன் சினோ இறந்தோரின் வீடுகளைப் படத்தில் குறித்தார். குறிகள் ஒரு தெருக்குழாயைச் சுற்றி நெருங்கி நின்றன. நீர்தான் நோயைக் காவுகிறது என்ற அவரது வாதத்துக்கு அப்படம் வலுச்சேர்த்தது. தமிழ்நாட்டில் எ. சுப்பராயலு, கல்வெட்டுகளிலுள்ள ஊர்ப்பெயர்களைத் தேசப்படத்தில் இடங்கண்டு, சோழநாட்டின் 'நாடு' என்னும் பிரிவுகளை வரைந்தார். 1973 இல் நூலான அவ்வாய்வு, சோழர் ஆட்சியைப் பற்றிப் பேசிய வரலாற்றாசிரியரை நிலத்தில் காலூன்ற வைத்தது. இருவரிடமும் கணனி இருக்கவில்லை. கணனி வந்தபின் அதே சுப்பராயலு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்றுத் தேசப்படத் திட்டத்தை நடத்தினார். முதலில் கேள்வி, பின்னர் தரவு, அதன் பின்னரே கருவி என்ற வரிசை இங்கு தெளிவாகத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நீரே குடிநீர். சுன்னாகத்தில் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்த பிரச்சினை கடந்த பத்தாண்டில் பெரிதாக வெடித்தபோது, கிணறு கிணறாகப் படமிடுவது இரசாயனவியல், மருத்துவம், சட்டம், புவியியல் ஆகிய நான்கு துறை மாணவருக்கும் பொதுப் பாடமாகியிருக்கக்கூடிய வேலை.

அதைவிடப் பாரதூரமானது காணி. வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் போருக்குப் பின் கட்டம் கட்டமாக விடப்பட்டபோது, வேலியும் வீடும் கிணறும் இல்லாத வெளியில் எல்லை தேடியவர்கள் பலர். எமது உறுதிகளில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு. பரப்பும் குழியும் உண்டு. நாற்புறமும் அயலவர் பெயர் உண்டு. இதன் வேர் ஒல்லாந்தர் காலத் தோம்புகளுக்குச் செல்கிறது. தோம்பை வாசிக்க வரலாற்று மாணவர் வேண்டும். தேசவழமையின்படி முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பிரித்தறியச் சட்ட மாணவர் வேண்டும். பெயரின் பொருளறியத் தமிழ் மாணவர் வேண்டும். இவற்றை ஒரே படத்தில் அடுக்குவதற்கே ஜி.ஐ.எஸ். வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: நாம் வரையும் படம் எதிரான கைகளில் போய்ச்சேராதா? நியாயமான அச்சமே. எந்தக் காணி யாருடையது, யார் வெளிநாட்டில் என்று காட்டும் படம் ஆபத்தானது. ஆனால் அரசிடமும் படையிடமும் செய்மதிப் படங்கள் ஏற்கனவே உள்ளன. படமில்லாமல் இருப்பவர்கள் காணிக்காரர் மட்டுமே. எதனைப் பொதுவில் வைப்பது, எதனை உரியவரிடம் மட்டும் விடுவது என்று தீர்மானிப்பதும் அந்தக் கல்வியின் பகுதியாக இருக்கவேண்டும்.

மென்பொருளுக்காக நாம் பணம் சேர்க்கத் தேவையில்லை. கியூ-ஜி.ஐ.எஸ். போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைக்காதவை நம்மிடம் உள்ளன: பழைய உறுதிகளின் பிரதிகள், காணிப் பெயர்கள், தூர்ந்துபோன கேணி எங்கிருந்தது, ஒழுங்கை எங்கே திரும்பியது என்ற நினைவுகள். இவற்றை அறிந்தவர்கள் பேர்ணிலும் சூரிச்சிலும் முதுமையடைந்து வருகிறார்கள்; ஒவ்வொரு மரணச்சடங்கிலும் ஒரு படலம் அழிகிறது. யாழ்ப்பாண மாணவர் ஒருவர் கேட்க, இங்குள்ள முதியவர் ஒருவர் சொல்ல, அதனைப் படத்தில் குறித்துச் சரிபார்க்கும் ஒரு பாடநெறியை ஒரேயொரு கிராமத்தோடு தொடங்கலாம். கணனிப் பெட்டிகளை அனுப்புமுன் இதுபற்றி விவாதிப்போம்.