சூட்டுக்கத்தியும் டயர்ச் சாலும்

ரப்பர் மரம் சீவுவோர் கற்கும் முதற்பாடம் உளி எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதே. பட்டைக்குள் பால் ஓடுகிறது. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. உளி மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும்; படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்தப் பால் ரப்பராகி, டயராகி, லாரியில் ஏறிய பின்னும் ஒரு கத்தி அதற்காகக் காத்திருக்கிறது. தேய்ந்த டயரில் புதிய சால் கீறும் சூட்டுக்கத்தி அது. அங்கும் எழுவது ஆழத்தைப் பற்றிய அதே கேள்விதான்.

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் 1845இல் காப்புரிமை பெற்றார். அது வழக்கொழிந்தது, 1888இல் பெல்பாஸ்டில் டன்லப் அதனை மீண்டும் கண்டார். தொடக்க காலத்து டயர்களின் முகம் வழவழப்பாகவே இருந்தது. மோட்டார் வண்டிகள் விரைந்தோடத் தொடங்கியதும் ஈரச்சாலையில் சறுக்கல் பெருந்தொல்லையாயிற்று. சிலர் இரும்புக் குமிழ் தைத்த தோலை டயரின் மேல் போர்த்தினர். ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் 1904இல் வரிகள் கொண்ட டயரைச் செய்தது. அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம் 1908ஆம் ஆண்டளவில் தன் பெயரையும் ‘சறுக்காதது’ என்னும் பொருள்படும் சொற்களையும் டயரின் முகத்திலேயே சாய்வெழுத்துகளாக வார்த்தது. எழுத்து பிடிமானமும் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று. வணிகரின் சாமர்த்தியம் அது!

வரியின் வேலை இரண்டு. சாலையில் தேங்கும் நீரை அது வாய்க்கால்போல் வடித்துவிடும். வாய்க்கால் தூர்ந்தால், விரைந்தோடும் சக்கரம் நீரின்மேல் மிதக்கும். தடையை அழுத்தியும் வண்டி நில்லாது. மண்சாலையிலும் காட்டுப்பாதையிலும் வேலை வேறு. அங்கே கட்டைகள் சேற்றைக் கவ்வ வேண்டும். கவ்விய சேற்றை அடுத்த சுழற்சிக்குள் உதறிவிடவும் வேண்டும். கட்டைகள் நெருங்கியிருந்தால் இடைவெளியில் சேறு அப்பிக்கொண்டு டயர் மீண்டும் வழுக்கை ஆகிவிடும். ஆகவேதான் கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவோர் சிலர், தேயாத டயரிலும் நடுக்கட்டைகளைத் தாமே பிளந்து வழி திறக்கின்றனர். பிளந்தால் விளிம்புகள் பெருகும், பிடிமானம் கூடும். ஆனால் மிகவும் மெலிந்த கட்டை கல்லில் மோதிப் பிய்ந்துபோகும்.

இதற்குரிய கருவி எளியது. கைப்பிடியின் முனையில், வளைந்த எஃகுத் தகடு ஒன்று இரண்டு நுனிகளிலும் இறுக்கப்பட்டிருக்கும். மின்மாற்றியிலிருந்து அழுத்தம் குறைந்த, ஆனால் வலிமிக்க மின்னோட்டம் அத்தகட்டின் வழியே பாயும்போது தகடே சூடேறும். கைப்பிடிக்கு வெளியே தகடு எவ்வளவு நீட்டி நிற்கிறதோ அவ்வளவே சாலின் ஆழம். ஓட்டுபவரின் கை ஒரே சீராக நகர வேண்டும். நின்றால் ரப்பர் கருகும். விரைந்தால் கத்தி இழுபடும். நாற்றமும் புகையுமாக, ரப்பர் நீண்ட நாடாவாய்ச் சுருண்டு வெளிவரும். சாலின் அடி வளைவாக இருப்பது நல்லது. கூரிய மூலை விட்டால் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும்.

கனரக லாரி டயர் பலவற்றில், வார்த்த சாலுக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் இடையே தடித்த ரப்பர் அடுக்கு ஒன்று வைத்தே செய்யப்படுகிறது. பழைய சால் 2 முதல் 4 மில்லிமீட்டர் எஞ்சியிருக்கும்போதே வெட்டுவது முறை. முற்றும் வழுக்கையான பின் ஆழத்தை அளக்க அடையாளம் இராது.

ரப்பரின் அருமையை உலகம் 1942இல் உணர்ந்தது. மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. அமெரிக்கா தனக்கு வேண்டிய இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை இழந்தது. அவ்வாண்டு ஜனவரியிலேயே அங்கு டயருக்குப் பங்கீடு வந்தது. ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருப்போர் அரசுக்கு விற்றனர்; மணிக்கு 35 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டுவதும் தடுக்கப்பட்டது. தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டுவதற்கும் புது ரப்பர் வேண்டும். சால் வெட்டுவதற்கோ அதுவும் தேவையில்லை. இருப்பதிலேயே எடுப்பது அது. சிக்கனத்தின் கடைசிப் படி எனலாம்.

ஆயினும் சிக்கனம் வஞ்சகமாவதற்கு ஒரு கீறல் போதும். கார் டயரில் அந்தத் தடித்த அடுக்கு இல்லை. அதை வெட்டிக் கருஞ்சாயம் பூசினால் வாங்குபவரின் கண்ணுக்குப் புதியதாகவே தோன்றும். ஓட்டும்போது இழைகள் அறுந்து வெடிக்கும். உயிர்போகும் வரை அவர் அறியார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் 1966இல் சால் வெட்டிய டயர்களின் விற்பனையைப் பொதுவாகத் தடுத்து, விலக்களிக்கும் உரிமையை அரசுக்கு விட்டது. 1969இன் விதிகள் அந்த விலக்கை வரையறுத்தன: வெட்டுவதற்கென்றே செய்யப்பட்டு முத்திரை பெற்ற டயரையே வெட்டலாம், வெட்டிய பின் இழைகளின் மேல் ஓர் அங்குலத்தில் 32இல் 3 பங்கு, அதாவது ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர், ரப்பர் எஞ்ச வேண்டும். பிரிட்டனிலும் கனரக வண்டிகளுக்கு இசைவுண்டு, கார்களுக்கு இல்லை. அமெரிக்காவில் முத்திரை பெற்ற டயரானாலும், சால் வெட்டியதைப் பயணிகள் பேருந்தின் முன்சக்கரத்தில் பூட்டுதல் கூடாது.